லோகநாயகி துடைத்த செடி

பாத்து உக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி. முள்ளு இல்லீங்க, பயந்துக்காதீங்க. முள்ளு இருந்திருந்தா எனக்கு இவ்வளவு பதட்டமே கெடையாது. முள்ளு இருக்கறதை எவன் தொடப் போறான்? கள்ளியிலயே இது முள்ளில்லாத சாதி. அதான் வம்பே.

வாந்தி வருமா உங்களுக்கு? வந்தா முன்னாடியே சொல்லிருங்க, எந்திரிச்சு வழி விட்டர்றேன். குன்னூரைத் தாண்டினா கல்லாறு வரைக்கும் வளைவுதான். ஆனா கண்ணாடியை மட்டும் திறந்துராதீங்க. காத்துக்கு இந்த அட்டைப்பெட்டி மடங்கி இலை மேல பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு.

மடியில எதுக்கு வெச்சிருக்கேன்னா கேக்கறீங்க? கண்டக்டரும் அதையேதான் கேட்டான். ‘பெரியவரே, மடியில எதுக்கு, கீழ வைங்க’ன்னான். கீழ வெச்சா எவனாவது காலை நீட்டுவான். மேல வெச்சா வளைவுல கவுந்துரும். துணி போட்டு மூட முடியாது, பேப்பர் சுத்த முடியாது. கைக்கொழந்தையைக்கூட துணியில சுத்தித் தூக்கிட்டுப் போகலாம். இதை எதுவுமே தொடக்கூடாது தம்பி.

எட்டிப் பாருங்க. கையைப் பின்னாடி கட்டிட்டுப் பாருங்க. முட்டைக்கோசு மாதிரி இல்ல? இலை மேல வெள்ளையா பூசியிருக்குது பாருங்க. கறுப்புத் திராட்சை மேல இருக்குமே, விரல் பட்டா அழியுமே, அந்த மாதிரி. அது தூசி கெடையாது. செடி தனக்குத் தானே பூசிக்கற பவுடரு. வெயிலும் ஈரமும் உள்ள எறங்காம இருக்கறதுக்கு. ஒரு தடவை அழிஞ்சுதுன்னா அந்த இலைக்கு மறுபடி வராது. புதுசா வர்ற இலைக்குத்தான் வரும். அந்த இலை காஞ்சு உதிர்ற வரைக்கும் தொட்டவங்க விரல் தடம் அப்படியே நிக்கும்.

இப்ப இந்தப் பக்கம் திருப்பறேன். தெரியுதுங்களா, பச்சைப் பச்சையா கோடு? இது கட்டைவிரல். இது நாலு விரலையும் சேத்து வழிச்சது. இதா, இங்க ஈரத்துணியோட தேய்ச்சிருக்குது. எல்லாம் என் சம்சாரம் பண்ணின வேலை. லோகநாயகின்னு பேரு.

அவகிட்டக் காட்டத்தான் கொண்டு போறேன். கோயமுத்தூர்ல மக வீட்ல இருக்கறா. வாசல்லயே நின்னு, ‘பாரு, நீ பண்ணினது இன்னும் அப்படியே இருக்குது’ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிருவேன். ஒரு வாய் டீகூட குடிக்கறதா இல்ல.

அந்தப் பெரிய பையா? அதுவும் என்னுதுதான். வேட்டி சட்டை, மாத்திரை, துண்டு, சவரக் கத்தி. மலையில இருக்கறவன் கீழ போனா எதுக்கும் ஒரு மாத்துத்துணி இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன். பையை விடுங்க, விஷயத்துக்கு வருவோம். நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் பேரு மாரப்பன். வெறும் மாரப்பன்னு குன்னூர்ல கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. கள்ளிக்கார மாரப்பன்னு கேளுங்க, வீட்டுக்கே கொண்டாந்து விடுவாங்க. நகராட்சியில தண்ணி திறந்து விடற வேலை பாத்தேன். எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணின்னு என்னைத்தான் வழியில நிறுத்திக் கேப்பாங்க. ஊருக்கே தண்ணி விட்டவன் வீட்ல தண்ணியே விடக்கூடாத செடியா வளக்கறான்னு கேலி பண்ணுவாங்க. ‘கள்ளிக்கேன் முள்வேலி, கழுதைக்கேன் கடிவாளம்னு பழமொழி. நம்ம மாரப்பன் கள்ளிக்கு வேலி மட்டுமா, கண்ணாடி வீடே கட்டிட்டான்’னு டீக்கடையில சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊரு கோபி பக்கம். அங்க கள்ளியை ஆடுகூட சீந்தாது. மலைக்கு வந்தப்புறம்தான் அதோட அருமை தெரிஞ்சுது. இந்தக் குளிரும் மிஸ்ட்டும் அதுக்கு ஆகவே ஆகாது. வேர்ல ஈரம் நின்னா ரெண்டு நாள்ல கொழகொழன்னு போயிரும். எது இந்த ஊர்ல தாங்காதோ அதைத் தாங்க வெச்சுக் காட்டறதுலதான் தம்பி ருசியே. தேயிலையை எவன் வேணா வளப்பான்.

ஆனா வெயில் வேணும். அதுக்குத்தான் பாடு. எங்க வீடு பள்ளத்துல இருக்குது. சுத்தியும் சில்வர் ஓக் மரம். காலைல கொஞ்ச நேரம் முன்பக்கத் தாழ்வாரத்துல ஒரு மூலையில வெயில் விழும், அவ்வளவுதான் அன்னைக்கு வெயிலு. அந்த மூலையில இவ ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவா. முட்டியை வெயில்ல நீட்டிட்டுப் பூண்டு உரிப்பா, இல்லாட்டி கண்ணை மூடிட்டுச் சும்மா கெடப்பா. பாத்தேன். வீட்லயே வெயில் விழற ஒரே இடம். அதைப் பூண்டு உரிக்கறதுக்கா விடறது? பழைய ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேத்து வாங்கி அந்த மூலையைச் சுத்தி அடைச்சுட்டேன். உள்ள இரும்பு ஸ்டாண்டு, அது மேல தொட்டி. அவ நாற்காலியை அடுக்களைக்கு மாத்திக் கொடுத்தேன். அங்க அடுப்புச் சூடு இருக்குதே. அவளும் சரின்னுட்டா. எதுக்குமே மறுத்துப் பேச மாட்டா. அந்த விஷயத்துல குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு ஹீட்டர் வாங்கினேன். மார்கழி தையில ராத்திரி ஈரம் எறங்கினா செடி போயிரும். மனுஷன் போத்திக்கலாம், கம்பளி இருக்குது. செடி போத்திக்குமா? ‘ஏங்க, ஒரு நாளைக்கு மட்டும் அதை இந்தப் பக்கம் கொண்டாங்களேன், முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ன்னா. ஒரு நாள் விட்டாலும் விட்டதுதான்னு சொன்னேன். அதுக்கும் சரின்னுட்டு முட்டியில துணியைச் சுத்திக்கிட்டா.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் அந்தச் செடிங்களை எப்படி வளத்தேன்னு உங்களுக்குப் புரியணும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பேன். முக்கியமா மாவுப்பூச்சி. வெள்ளையா மாவு தூவினாப்பல இலை இடுக்குல வந்து உக்காரும். ஒண்ணு வந்தாப் போதும், ஒரு மாசத்துல கூண்டோட காலி. பஞ்சை ஸ்பிரிட்டுல நனைச்சு நான் ஒவ்வொரு இடுக்கா துடைப்பேன். இவ கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டிருப்பா. ‘மாவுப்பூச்சி வந்துச்சுன்னா என் உசுரே போயிரும்’னு நானும் அடிக்கடி சொல்லுவேன்.

புரிஞ்சு போச்சா உங்களுக்கு? சிரிக்காதீங்க தம்பி.

போன வைகாசி. பூக்காட்சிக்கு இதைக் கொண்டு போறதா இருந்தேன். ஒரு இலையில ஒரு கீறல் இல்லாம, ஒரு விரல் படாம, சுண்டுவிரல் அளவுக் கன்னுல இருந்து வளத்தது. அந்தச் சமயம் பாத்துக் கோபியில பங்காளி வீட்டுக் கல்யாணம். முட்டி வலி, நான் வரலன்னுட்டா. நான் மட்டும் போயிட்டு மறுநாள் பொழுது சாயத் திரும்பி வந்தேன்.

வாசல்லயே நிக்கறா. கையில ஈரத்துணி. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தே நெம்ப வருஷம் இருக்கும். ‘வாங்க, வந்து பாருங்க. கிட்டப் போய்ப் பாத்தா உங்க ஆசைச் செடி முழுக்க மாவுப்பூச்சி அப்பிக் கெடந்துச்சு. நீங்க வந்து பாத்தா உசுரை விட்டுருவீங்கன்னு காலைல இருந்து உக்காந்து ஒவ்வொரு இலையா துடைச்சேன். முட்டி பிடிச்சுக்கிச்சு, பாதிதான் முடிஞ்சுது, மீதியை நாளைக்குத் துடைச்சர்றேன்’ங்கறா.

நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாமா இல்லையா? செடிகிட்ட நிக்கும்போது எங்கிட்டப் பேசாதேன்னு சொல்லி வெச்சிருந்தேன், வாஸ்தவம். இது என்ன அது என்னன்னு கேட்டா உனக்கெதுக்குன்னு சொல்லுவேன், அதுவும் வாஸ்தவம். அதுக்காக?

நான் திட்டல. அதை நீங்க மனசுல வெச்சுக்கணும். ஒரு சுடுசொல் கெடையாது. அவ கையில இருந்த துணியை வாங்கிக் கீழ போட்டேன், உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் பேசல. வேற வீடா இருந்தா ரணகளமே ஆயிருக்கும். எங்க வீட்ல சத்தமே இல்ல. சோறு போட்டு வைப்பா, தின்னுட்டு எந்திரிப்பேன். ‘எனக்குத் தெரியலீங்க’ன்னு ரெண்டு மூணு தடவை வந்து நின்னா. வாயில கொழுக்கட்டையை வெச்சவனாட்டம் நின்னேன். ஆடி மழை வந்துச்சு, போச்சு. புரட்டாசி போச்சு. தீவாளிக்கு மக வந்தா, இந்துமதி. ‘அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா, முட்டிக்கு வைத்தியம் பாக்கணும்’னா. நல்லதுதானே, கீழ வெயில் இருக்குதுன்னேன்.

போறேன்னு சொல்ல கண்ணாடிக்கு வெளிய வந்து நின்னா. நான் தொட்டி மாத்திட்டிருந்தேன், கையெல்லாம் மண்ணு. ‘ம்’னேன். அப்புறம் பாத்தா ஆளைக் காணோம். ஃபிளாஸ்க்குல சுடுதண்ணி ஊத்தி வெச்சுட்டுப் போயிருந்தா. அது அவ வழக்கம்.

முட்டிக்காகத்தான் போனா தம்பி. வேற ஒண்ணுமில்ல. பிலோமினா டீச்சர்னு பக்கத்து வீட்டுக்காரம்மா, அது வாய் சும்மா இருக்காது. ‘அந்தம்மா மனசு விட்டுப் போயிருச்சுங்க மாரப்பன்’னு சொல்லுது. என்னத்த மனசு? எங்க வீட்ல சண்டையே நடக்கலியே.

பர்லியார் வந்துருச்சு. டீ குடிக்கறவங்க குடிக்கலாம்னு சொல்றான். நீங்க போயிட்டு வாங்க. நான் எறங்கல. இங்க கொரங்குங்க ஜாஸ்தி, முட்டைக்கோசுன்னு நெனச்சுப் பிச்சுத் தின்னுரும்.

எனக்கும் வாங்கிட்டு வந்துட்டீங்களா? எதுக்குங்க சிரமம். கொடுங்க, ஒரு கையில பிடிச்சுக்கறேன். நல்லாருக்குது. ஒருத்தர் கையால டீ வாங்கிக் குடிச்சு நெம்ப நாளாச்சுங்க. நானே போட்டுக்கறது என்னமோ தெரியல, சுடுதண்ணி மாதிரியே இருக்கும்.

வீட்ல எப்படி ஓட்டினீங்கன்னா கேட்டீங்க? கம்முன்னு கெடக்குது வீடு. டிவியைப் போட்டு விட்டுட்டு அடுக்களையில நிப்பேன், பேச்சுச் சத்தம் கேட்டுட்டு இருக்கட்டும்னு. ஒரு ஆளுக்கு அரிசி போட இன்னும் கை பழகல. எப்பப் போட்டாலும் ரெண்டு ஆளுக்குத்தான் விழுது. மிச்சத்தை மறுநாளும் தின்னுக்கறது. சில நாள் சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். டீச்சரம்மா வேலி ஓரமா வந்து நல்லாருக்கீங்களான்னு கேட்டா தொண்டையில இருந்து கரகரன்னுதான் வரும். மிஸ்ட்டு எறங்கிருச்சுன்னா எதிர்வீடுகூடத் தெரியாது. அப்படியே ஜன்னல்ல நிக்கறது. எதுக்கு நிக்கறேன்னு எனக்கே தெரியாது.

தையில ஒரு உருண்டைக் கள்ளி பூத்துச்சு. ஊதாப் பூவு. மதியத்துக்கு மேல விரியும், பொழுதோட சுருங்கிரும், ஒரு நாள் கூத்து. அதைப் பாத்த வேகத்துல ‘லோகு, இங்க ஓடியா’ன்னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. அழுகை வந்துருச்சு தம்பி, உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். முன்னாடி பூத்தப்பெல்லாம் அவளைக் கூப்பிட்டிருக்கனான்னா, இல்ல. கதவைத் திறந்தா ஈரம் வரும். ஆனா அப்பெல்லாம் கூப்பிட்டா வர்றதுக்கு அடுக்களையில ஆள் இருந்துச்சில்ல.

போன் பண்ணிருக்கலாமேங்கறீங்க. அங்கதான் உங்களுக்குச் செடி தெரியல. குளிர்காலத்துல கள்ளியை எப்படி வளக்கணும்? ஒண்ணுமே பண்ணக்கூடாது. தண்ணி காட்டக்கூடாது, உரம் போடக்கூடாது, எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது. சும்மா விட்டரணும். சுருங்கும், வதங்கினாப்பல தெரியும். ஐயோ பாவம்னு தண்ணி ஊத்தினவன் கெட்டான். பல்லைக் கடிச்சுட்டு மாசி வரைக்கும் இருந்தா அது பாட்டுக்குத் தெளிஞ்சுக்கும். நானும் அப்படித்தான் விட்டேன். தானா சரியாயிருவான்னு. இப்ப மாசி பொறந்துருச்சு, கிளம்பிட்டேன்.

மாசின்னு நான் சொன்னது செடிக் கணக்குங்க. நான் கிளம்பினதுக்குக் காரணம் வேற. இந்தப் பக்கத்து இலையெல்லாம் அடியில இருந்து காய ஆரம்பிச்சிருச்சு. பழைய இலை உதிர்றது இயல்புதான். நடுவுல இருந்து புது இலை வருது, அதுல பவுடரு நல்லா பூசி வருது. இப்படியே போனா ஆனிக்குள்ள இந்த விரலெல்லாம் உதிர்ந்து, செடி பழையபடி ஆயிரும். அப்புறம் எதை வெச்சு நான் நியாயம் கேக்கறது? பூக்காட்சிக்கு வர்ற நண்பர் ஒருத்தர், ‘அழிஞ்ச இலையை மட்டும் பிச்சு எறிஞ்சிருங்க மாரப்பன், இந்த வருஷமே பரிசுக்கு வைக்கலாம்’னாரு. கிறுக்குப் பிடிச்சிருக்குதா எனக்கு? அவ விரலு இருக்கற இலையை எவனாவது பிச்சுப் போடுவானா? ஆதாரம் தம்பி அது.

உதிர்ந்ததையும் வெச்சிருக்கேன். பையில ஒரு டப்பாவுல இருக்குது. காஞ்சு கருவேப்பிலை மாதிரி ஆயிருச்சு, விரலும் தெரியாது ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் கெடக்கட்டும்னு.

சும்மா இருக்க முடியாம போன வாரம் அந்த இரும்பு ஸ்டாண்டை எடுத்துட்டேன். ஓரத்துல துரு ஏறியிருந்துச்சு. எடுத்தப்புறம் அந்த மூலை வெறிச்சோன்னு இருந்துச்சா, அவ பிரம்பு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டேன். காலைல வெயில் நேரா அது மேலதான் விழுது. பின்னாடி இருக்கற தொட்டிக்கெல்லாம் நிழல் அடிக்குது. வேற எடத்துல போடலாம்தான். ஆனா அங்க போட்டாத்தான் அந்த நாற்காலி ஒழுங்கா நிக்குது, தரை அப்படி.

ஐயோ. பிடிங்க பிடிங்க.

என்னங்க அது, மாடா? வளைவுலயா வந்து நிக்கும்? அந்த டிரைவர் என்ன பண்ணுவான் பாவம், பிரேக்கு போடாம. உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே? நெத்தியில இடிச்சிருக்குது பாருங்க. தேய்ச்சு விடுங்க, வீங்கிரும்.

செடியா? இருங்க பாக்கறேன். சாஞ்சிருச்சு. கை போட்டு அமுக்கிட்டேன், வேற வழியில்ல, இல்லன்னா முன் சீட்டுக் கம்பியில போய் நசுங்கியிருக்கும். போச்சு. இந்தப் பக்கம் முழுக்கப் பவுடரு என் உள்ளங்கையில இருக்குது, பாருங்க, திருநீறு மாதிரி.

எந்தப் பக்கம்னு கேக்கறீங்களா? நல்லாருந்த பக்கம்தான். அவ துடைக்காத பக்கம். அவ பக்கம் தப்பிச்சிருச்சு. நானே உள்பக்கமா திருப்பி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன் போல. யோசிச்சா பண்ணினேன், கை தானா போச்சு. நல்ல பக்கத்தைத்தான காப்பாத்தியிருக்கணும், அது சரிதான் நீங்க சொல்றது. ஆனா காட்டறதுக்குக் கொண்டு போறது அதைத்தானே. அது போச்சுன்னா நான் எதுக்குப் போறேன்?

இதோட வளைவெல்லாம் முடிஞ்சுது. கல்லாறு வந்துருச்சு. பாக்குத் தோப்பு தெரியுது பாருங்க. காது அடைச்சுதுன்னா எச்சிலை முழுங்குங்க. வேர்க்கவும் ஆரம்பிச்சிருச்சு.

உங்க போனா அடிக்குது? என்னுதா? சட்டைப் பையில இருக்குது, கொஞ்சம் எடுங்களேன், என் கை காலியில்ல. யாருன்னு பேரு போட்டிருக்குது? லோகுவா?

வேண்டாம். இருங்க. எடுக்கலாமா? வராதீங்கன்னு சொல்லிட்டான்னா என்ன பண்றது தம்பி? அதுக்குத்தான் கிளம்பறதைச் சொல்லவே இல்ல. வாசல்ல போய் நின்னுட்டா துரத்த மாட்டா, ஆனா போன்ல சொல்லிருவா. மணி நின்னு போயிருமோ. சரி, எடுங்க. எடுத்துக் காதுல வைங்க.

ஹலோ. ஆமா, நான்தான். பஸ்லதான் இருக்கேன். டீச்சரம்மா சொல்லிருச்சா? அதானே பாத்தேன். குல்லாயா? இங்க எதுக்கு, வேர்த்து ஊத்துது. சாப்பிட்டேன். ஆமா, அந்தச் செடிதான். மடியிலதான். ஜன்னலோரம் இல்ல, இந்தப் பக்கந்தான். சரி. சரி. மூடல. தெரியும், மூடல. யாரு சொன்னாங்க உனக்கு? ம். மாடியிலயா? எந்த இடம்? வேண்டாம். வேண்டாங்கறேன்ல. அங்க நீயே உக்காரு. இது நிழல்லயே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. அந்த ஸ்டாண்டை எடுத்துட்டேன். துரு ஏறிருச்சு. உன் நாற்காலி அங்க சும்மாதான் கெடக்குது. ம். ம். வந்து சொல்றேன். வெச்சிரு.

என்ன சொன்னாளா? கேட்டுட்டுத்தான இருந்தீங்க. ‘வெயில் படாம வெச்சுக்குங்க, மலைச்செடி கருகிரும். துணியைப் போட்டு மூடிராதீங்க, பவுடரு போயிரும்’ங்கறா. பவுடருங்கறா தம்பி. அந்த வார்த்தையை நான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. மகளை போன்ல தேடச் சொல்லி உக்காந்து பாத்தாளாம், அது என்ன செடி, ஏன் வெள்ளையா இருக்குது, அழிஞ்சா திரும்பி வருமான்னு. திரும்பி வராதுன்னு போட்டிருந்துச்சாம். அன்னைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரலியாம்.

மக வீட்டு மாடியில ஒரு மூலையில காலை வெயில் வருதாம். தெனமும் அங்கதான் உக்காருவாளாம், முட்டிக்கு நல்லாருக்குதாம். ‘அந்த இடத்தைச் செடிக்கு ஒதுக்கி வெச்சிருக்கேன், நான் தள்ளி உக்காந்துக்கறேன்’ங்கறா.

வேண்டாம்னுட்டேன். கோயமுத்தூர் வெயில் இதுக்கு ஆகாது, அதுக்காகத்தான் வேண்டாம்னேன். வேற ஒண்ணுமில்ல.

எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. வெக்கையா இருக்கும். இந்த ஸ்வெட்டரைக் கழட்டணும், அவ பின்னினது, கழுத்து வழியா எடுக்கணும், ரெண்டு கையும் வேணும். கொஞ்சம் இந்தத் தொட்டியைப் பிடிச்சுக்கறீங்களா? அடியில ஒரு கை, பக்கவாட்டுல ஒரு கை. இலையில பட்டாப் படட்டும், இந்தப் பக்கம் எப்படியும் நான் அழிச்சதுதான், தாராளமாப் பிடிங்க.

அந்தப் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க தம்பி. அது அவ பக்கம்.